நாக்கால் பார்த்து வாங்கிய வண்டி

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் டயரை உதைத்துப் பார்ப்பார்கள், பானெட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள், எவ்வளவு ஓடியிருக்கிறது என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரர் இதில் எதையும் செய்யமாட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நேராக வண்டிக்கு அடியில் போய்விடுவார். மல்லாந்து படுத்து, அடிச்சட்டத்து இரும்பில் விரலைத் தேய்த்து, அந்த விரலை நாக்கில் வைப்பார். கொஞ்சம் யோசிப்பார். பிறகு துப்புவார். துப்புகிற விதத்திலேயே எனக்குப் பதில் தெரிந்துவிடும்.

மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. உப்பு ஏற்றிய வண்டி மேலே எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் கண்ணை ஏமாற்றலாம், நாக்கை ஏமாற்ற முடியாது என்பது இவர்கள் கணக்கு. நான் கடலை விட்டு உள்ளே தள்ளி, விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் பக்கம் மாடு வாங்கினால் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். இங்கே வாங்குகிறவன் தன் வாயைத் திறக்கிறான். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு தடவை இதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்க நான் சாப்பிடவில்லை.

எங்களுக்கு ஒரு சின்ன பிக்கப் வண்டி தேவைப்பட்டது. ஆசைக்கு அல்ல, பிழைப்புக்கு. எங்களுடையது குத்தகை அளம், அதுவும் சின்னது. தை கழிந்து வெயில் ஏறினால் உப்பு விளையத் தொடங்கும். ஐப்பசி மழைக்குள் விற்றாக வேண்டும். சொந்த வண்டி இல்லாதவர்கள் வியாபாரியின் லாரி வரும் வரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பெரிய அளக்காரர்களின் குவியலை எல்லாம் ஏற்றி முடித்துவிட்டுத்தான் லாரி எங்கள் பக்கம் திரும்பும். 2004-இல் அது திரும்பவே இல்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று கீற்று போட்டு மூடி வைத்திருந்தோம். மழை வந்துவிட்டது. ஒரு கோடை முழுக்க வாரிச் சேர்த்தது எங்கள் கண் முன்னாலேயே கரைந்து வாய்க்காலில் ஓடியது.

பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். அந்த மார்கழியில் கடலும் உள்ளே வந்து பாத்திகளில் சேற்றைக் கொட்டிவிட்டுப் போனது. கடற்கரைக் குப்பங்களில் போன உயிர்களை நினைத்தால் எங்கள் சேறு ஒரு பொருட்டே இல்லை. அதனால் வெளியே சொல்லி அழவும் முடியவில்லை. சேற்றை அள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் இவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று, அளத்தை விட்டுவிடலாம், சென்னையில் ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதாம் என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் கொட்டாவி விடுகிற மனிதர். இவர் அடுத்தவன் வீட்டுக்கு ராத்திரி காவலாம். அதை வாய்விட்டும் சொன்னேன். ஆனால் கோபத்துக்கு அடியில் பயம்தான் இருந்தது. இவர் அங்கே, நான் இங்கே, மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பையோடு வந்துபோகிற வாழ்க்கை எனக்கு வேண்டாம். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். இன்னும் ஒரே ஒரு கோடை. ஒரு வண்டி வாங்குவோம், நாமே கொண்டுபோய் விற்போம். மழைக்குள் கரையில் குவித்த உப்பு காலியானால் அளத்திலேயே இருப்போம். இல்லையென்றால் அவர் சென்னைக்குப் போவார், நான் தடுக்கமாட்டேன்.

என் நெக்லஸும் மகளிர் குழுவில் வாங்கிய கடனும் சேர்த்து ஒரு லட்ச ரூபாய் தேறியது. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. நல்ல வண்டிக்கு அது போதாது, ஓட்டை வண்டிக்கு அது அதிகம். அந்த இரண்டுக்கும் நடுவில் எங்களுக்கென்று ஒரு வண்டி எங்காவது நிற்க வேண்டும். வண்டி பார்க்கப் பொம்பளை எதுக்கு என்று இவருக்குக் கூச்சம். நகை என்னுடையது, அதனால் நானும் வருவேன் என்று கிளம்பிவிட்டேன்.

கூனிமேட்டு புரோக்கர் ஒருவரைப் பிடித்தோம். ஊரில் எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். புரோக்கர் என்றால் பொய் சொல்வார் என்று நினைத்திருந்தேன். இந்த பாய் உண்மையைச் சொல்லிச் சொல்லியே வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிற ரகம். முதலில் ஈ.சி.ஆர். ஓரத்தில் ஒரு கொட்டகையில் நின்ற நீல வண்டியைக் காட்டினார். காட்டும்போதே, பார்க்கறதுக்கு ஜோராத்தான் இருக்குது, நீங்களே பார்த்துக்கங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெயின்ட் இன்னும் கையில் ஒட்டும் போலிருந்தது. பெயின்ட் வாசனைக்கு அடியில் மீன் வாசனை வந்தது. இவர் அடியில் போனார், விரலை வைத்தார், வெளியே வந்தார். துப்பக்கூட இல்லை. நேராகக் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார். "உள்ள கடலே இருக்குது" என்றார். அந்த வருஷம் கடல் தண்ணீரில் முங்கின வண்டிகள் புதுப் பெயின்ட்டோடு நிறையச் சுற்றின. தப்பித்தோம்.

அடுத்தது திண்டிவனத்தில். இவர் அடியிலிருந்து வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். துளி உப்பு இல்லையாம், முடித்துவிடலாமாம். நான் வண்டியைச் சுற்றி வந்தேன். வண்டிக்காரர் பேசுகிற நேரமெல்லாம் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டே பேசினார். கையை எடுங்கள் பார்க்கலாம் என்றேன். எடுத்தார். கதவு தானாகத் திறந்துகொண்டு தொங்கியது. ஸ்டியரிங்கை அரைச் சுற்றுச் சுற்றினாலும் சக்கரம் அசையவில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு, நாக்கு சரின்னு சொல்லிடுச்சு என்று நிற்கிற மனிதரை என்ன செய்வது. நாக்கா ஓட்டப் போகுது வண்டியை என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பஸ்ஸிலும் வேறு வேறு சீட்.

ஆவணி பிறந்துவிட்டது. கரையில் குவியல்கள் ஏறிக்கொண்டிருந்தன. சாயங்காலமானால் மேற்கே கறுத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு தடவையும் பொய்யாகக் கலைந்து போகும். அப்போதுதான் பாய் இடையஞ்சாவடி வண்டியைப் பற்றிச் சொன்னார். ஒரே ஆள் கையில் இருந்த வண்டி, காய்கறியும் பலாப்பழமும் தவிர வேறெதுவும் ஏற்றாதது, செம்மண்ணைத் தவிர வேறெதையும் பார்க்காதது. வண்டிக்காரருக்குப் பிரஷர். ஓட்டும்போது ஒரு நாள் தலைசுற்றிவிட்டதால் டாக்டர் ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால்தான் விற்கிறார். எல்லாம் சொல்லிவிட்டு பாய் ஒரு கண்டிஷன் போட்டார். அந்தப் பக்கத்து ஆட்கள் உப்பளத்துக்கு வண்டி கொடுக்கமாட்டார்கள். தேங்காய் வியாபாரம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். பாய் எங்களோடு வரவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போக வேண்டும். பொய் சொல்கிற இடத்தில் நிற்காமல் இருக்க நல்ல காரணம்.

பணத்தைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழி முழுக்க இவருக்குப் பாடம் நடத்தினேன். நாம் தேங்காய்க்காரர்கள். உப்பு என்கிற பேச்சே வரக் கூடாது. இன்றைக்கு மட்டும் நாக்கு வாய்க்குள்ளேயே இருக்கட்டும். சரி சரி என்று தலையை ஆட்டினார்.

முந்திரித் தோப்புக்குள் வீடு. வண்டி ஒரு பலா மர நிழலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. வண்டிக்காரப் பெரியவர் தார்ப்பாயை உருவினார். வெள்ளை வண்டி. சக்கரத்தைச் சுற்றியும் அடியிலும் செம்மண் பூசியிருந்தது. மற்றபடி ஒரு கீறல் இல்லை. சீட்டில் பூப்போட்ட துணி உறை. கதவை நான் திறந்து மூடினேன், திரும்பவும் திறந்து மூடினேன். பெரியவரின் வீட்டம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். மோரில் உப்பே இல்லை. எங்கே கேட்டுவிடப் போகிறாரோ என்று நான் காலால் இடித்தேன். எங்க வீட்டுக்காரருக்குப் பிரஷர் வந்ததிலிருந்து இந்த வீட்டில் உப்பு டப்பாவையே எடுத்து மறைத்துவிட்டேன் என்று அந்த அம்மாவே சொன்னார். உப்பு இல்லாமல் தின்று தின்று, பக்கத்து வீட்டில் சோற்றுக்கு உப்புப் போட்டால்கூட இவருக்குத் தெரிகிறது என்று கிண்டல் செய்தார். பெரியவர் அதைக் காதில் வாங்காமல் தேங்காய் இப்போது என்ன விலை போகிறது என்று கேட்டார். நான் மளிகைக் கடை விலையைச் சொன்னேன். வியாபாரி சொல்கிற விலை அது இல்லை. பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நல்லவேளையாக இவர் சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். இளவயதில் லாரிக்கு கிளீனராகப் போய் ஓட்டப் பழகியவர். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. பெரியவர் பக்கத்தில் உட்கார, முந்திரித் தோப்புச் சந்தில் போய்த் திரும்பி வந்தார்கள். வந்தபோது இருவர் முகத்திலும் சந்தோஷம். விலையும் கிட்டத்தட்டப் படிந்துவிட்டது. பெரியவர் மேலே தொடங்கினார், நான் கீழே தொடங்கினேன், எங்கள் ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றோம். பையின் முடிச்சை நான் தளர்த்தினேன். அந்த நேரத்தில் திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம்.

வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

ஸ்பிரிங் பட்டை பார்க்கப் போயிருப்பார், வேறொன்றும் இருக்காது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இவர் தவழ்ந்து வெளியே வந்தார். உதடெல்லாம் செம்மண். விரல் இன்னும் வாயில் இருந்தது. முகம் பூரித்துப்போயிருந்தது. அதோடு விட்டாரா. என்னைப் பார்த்து, "ஒரு துளி உப்பு இல்ல" என்று சத்தமாகச் சொன்னார்.

பெரியவர் எழுந்து நின்றார்.

"ஏம்பா, நீ தேங்காக்காரன் இல்ல. உப்பளத்துக்காரன்."

இவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பெரியவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகவே சொன்னார். இதற்கு முன்னால் அவரிடம் ஒரு டெம்போ இருந்ததாம். அதையும் ஒரு உப்பளத்துக்காரன்தான் வாங்கினான். அவனும் இப்படித்தான் அடியில் படுத்து நக்கிப் பார்த்தான். அடுத்த வருஷமே அந்த வண்டியை ஈ.சி.ஆர். ஓரத்தில் பார்த்தாராம். அடித்தகடு பிய்ந்து, உட்காருகிற இடத்திலிருந்து ரோடு தெரிந்ததாம்.

"எவனாவது உப்பு ஏத்தினானான்னு நக்கிப் பார்க்கறீங்க. வாங்கிட்டுப் போயி நீங்களே உப்பைக் கொட்டறீங்க. இது இன்னா நியாயம்?"

இத்தனை வருஷத்தில் யாரும் எங்களை அப்படிக் கேட்டதில்லை. நாங்களும் எங்களைக் கேட்டுக்கொண்டதில்லை. அவர் தார்ப்பாயை எடுத்து வண்டி மேல் திரும்பவும் விரிக்க ஆரம்பித்தார். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அந்த நடையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் பஸ்ஸுக்கு நடக்கவில்லை, சென்னைக்கு நடக்கிறார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. இவரைக் கூப்பிட்டு, திரும்பி வாங்க, செருப்பைக் கழட்டுங்க என்றேன். இவர் விழித்தார். கழட்டுங்க என்று அதட்டினேன். கழற்றினார்.

"ஐயா, பொய் சொன்னது தப்புதான். உங்க வண்டி இரும்பு. இது வெறும் தோலு. பதினஞ்சு வருஷமா உப்புத் தண்ணியில நிக்கிற காலு இது. வந்து பாருங்க. ஒரு வெடிப்பு இருக்குதா பாருங்க. தெனமும் பொழுது சாய்ஞ்சா நல்ல தண்ணியில கழுவி, எண்ணெ போட்டு வச்சிருக்கேன். நானே போடறேன். எங்களுக்கு வேற வண்டி வாங்க வக்கில்ல. இது இல்லன்னா இவரு அளத்தை உட்டுட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போயிடுவாரு. காலை வச்சிருக்கற மாதிரி வண்டியையும் வச்சிருப்போம்."

சொல்லி முடிப்பதற்குள் மூக்கெல்லாம் ஒழுகிவிட்டது. பெரியவர் தார்ப்பாயின் முனையைக் கையில் பிடித்தபடி நின்றார். அந்த அம்மாதான் கிட்டே வந்து, குனிந்து, என் வீட்டுக்காரரின் கால்களைப் பார்த்தார். இவருக்கு வெட்கம் தாங்கவில்லை. விரல்களை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டார். அந்த அம்மா நிமிர்ந்து தன் புருஷனிடம் சொன்னார்.

"குடுத்துடுங்க. உங்க காலுக்கு நான்கூட இவ்ளோ செஞ்சதில்ல."

பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் லேசில் விடவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள், ஆர்.சி. புத்தகம் என்னிடம்தான் இருக்கும், ஜெராக்ஸ் தருகிறேன் என்றார். மாட்டுப் பொங்கலன்று வண்டியை இங்கே கொண்டுவர வேண்டும். அவரே அடியில் படுத்துப் பார்ப்பார். சுத்தமாக இருந்தால் பெயர் மாற்றக் கையெழுத்துப் போடுவார். உப்பு தின்றிருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்வார். பெண் கொடுக்கிற வீட்டில்கூட இவ்வளவு நிபந்தனை போடமாட்டார்கள். போகிற உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சரி என்றேன்.

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு கிழிந்த மஞ்சள் புடவைத் துணியில் எதையோ முடிந்துகொண்டு வந்தார். வண்டியை மூன்று சுற்றுச் சுற்றிக் கண்ணேறு கழித்து, அந்த முடிச்சை முன்பக்கத்து பம்பருக்கு உள்ளே யார் கண்ணிலும் படாமல் கட்டிவிட்டார். இரண்டு பிள்ளைகளும் வெளியூரில் இருக்கிறார்கள், இந்த வண்டி ஒன்றுதான் வீட்டோடு இருந்தது என்றார். அப்போது அவர் கண் கலங்கியிருந்தது.

வண்டி வந்த பிறகு எங்கள் வீட்டில் சட்டம் போட்டது நான்தான். ஈர உப்பு வண்டியில் ஏறக் கூடாது. சாக்கு கரையிலேயே கிடந்து தண்ணீர் வடிந்து, தொட்டால் கை உலர்ந்திருக்க வேண்டும். வண்டித் தொட்டியில் முதலில் கயிற்றுப் பாய், அதற்கு மேல் தார்ப்பாய், அதற்கு மேல்தான் சாக்கு. அளத்திலிருந்து வந்த காலோடு கிளட்சை மிதிக்கக் கூடாது. கழுவிவிட்டு ஏற வேண்டும். இதற்காகவே சீட்டுக்கு அடியில் ஒரு கேனில் நல்ல தண்ணீர். பொழுது சாய்ந்தால் ஊருக்கு மேற்கே ஒருவருடைய கொல்லை மோட்டாரில் வண்டிக்குக் குளியல். எங்கள் பக்கம் குடிக்கவே நல்ல தண்ணீர் கஷ்டம். வண்டிக்கு நலங்கு வைக்கிறார்கள் என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். முன்பெல்லாம் இவர் காலுக்கு மட்டும்தான் எண்ணெய். இப்போது இவர் கையில் எண்ணெய்த் துணியோடு அடியில் கிடப்பார், நான் மேலே நின்றுகொண்டு அந்த மூலை, இந்த மூலை என்று சொல்வேன்.

வண்டி எங்களை ஏமாற்றவில்லை. அனுமந்தையில் கருவாடு போடுகிற பெண்களுக்கு நேராகக் கொண்டுபோய் இறக்கினோம். கடல் வந்துபோன பிறகு அவர்கள் அப்போதுதான் மெல்ல மெல்லத் தொழிலுக்குத் திரும்பியிருந்தார்கள். மொத்தமாக வாங்க அவர்களிடம் பணமில்லை. சாக்குச் சாக்காக வேண்டும், அதுவும் கேட்ட அன்றைக்கே வேண்டும். பெரிய லாரிக்காரன் அப்படிக் கொடுக்கமாட்டான். எங்கள் சின்ன வண்டிக்கு அதுதான் வேலை. அப்புறம் கூனிமேடு, அப்புறம் உள்ளே மாட்டுத் தீவனக் கடைகள். இவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து விலை பேசுவேன். தேங்காய் விலைதான் எனக்குத் தெரியாது. உப்பு விலை தெரியும்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. முந்தின வாரமே கடைசிச் சாக்கும் போய்விட்டது. வீட்டுக்குள் உட்கார முடியாமல் நான் மட்டும் அளத்துக்கு நடந்தேன். குவியல் இருந்த இடத்தில் பழைய கீற்றுகள் மட்டும் கிடந்தன. பாத்திகளில் மழை விழுந்து கொப்புளித்தது. பெய், எவ்வளவு வேண்டுமானாலும் பெய், உனக்குக் கரைக்க இங்கே ஒன்றும் இல்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த வருஷம் மழையும் என் பேச்சைக் கேட்டதுபோல் பேய்மழையாகக் கொட்டியது. எனக்கு அது ஒவ்வொரு நாளும் சந்தோஷமாக இருந்தது. வாட்ச்மேன் வேலையைப் பற்றி இவர் பேச்செடுக்கவே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஆனால் ஆர்.சி. புத்தகம் இன்னும் இடையஞ்சாவடியில்தான் இருந்தது. மார்கழி முழுக்க எனக்கு அதே நினைப்பு. மழையில் ஓடிய வண்டி. எந்த மூலையில் எந்தக் கல் உப்பு ஒளிந்திருக்கிறதோ. வண்டி போய்விட்டால் வருகிற கோடையில் திரும்பவும் லாரிக்காக ரோட்டைப் பார்க்க வேண்டும், அதன்பின் சென்னைதான். இவர் பொங்கலுக்கு முன்னால் அடியில் படுத்து அங்குலம் அங்குலமாக நாக்கை வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். உங்கள் நாக்கு எப்போதும் உப்பிலேயே கிடக்கிற நாக்கு, அதற்கு என்ன தெரியும் என்று நான் நம்பவில்லை.

2006 மாட்டுப் பொங்கலன்று வண்டிக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டுக் கொண்டுபோனோம். கையில் ஒரு கூடை தேங்காய். அதைப் பார்த்ததும் பெரியவர், வியாபாரம் எப்படிப் போகுது என்று நக்கலாகக் கேட்டார். மாடுகளைக் குளிப்பாட்டிவிட்டு ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். வாங்க, உட்காருங்க எல்லாம் அந்த அம்மாதான் சொன்னார். பெரியவர் துண்டைத் தரையில் விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

பின்னாலிருந்து தொடங்கினார். விரல் தேய்க்கிற சத்தம் கேட்கும், பிறகு அமைதி, பிறகு கொஞ்சம் நகருவார். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். நடுப்பகுதி தாண்டியது. ஒன்றும் சொல்லவில்லை. முன் சக்கரத்துக்கு வந்தார். எனக்கு மூச்சு வர ஆரம்பித்த நேரத்தில், பம்பருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"உப்பு இருக்குது."

இவர் முகம் செத்துப்போய்விட்டது. இருக்காது ஐயா, இருக்கவே இருக்காது என்றேன். பெரியவர் தலையை மட்டும் வெளியே நீட்டினார். ரெண்டு வருஷமா உப்பு தின்னாத நாக்குங்க இது, பொய் சொல்லாது என்றார். துருகூடப் பிடித்திருக்கிறது, இங்கே ஒரே இடத்தில் என்றார். திரும்பவும் உள்ளே போனார். எதையோ பிடித்து இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு கை மட்டும் வெளியே வந்தது. கையில் ஒரு பழைய மஞ்சள் துணி, மழையில் நைந்து நாராகியிருந்தது. அதில் இரண்டு காய்ந்த மிளகாயும் கொஞ்சம் கரியும் மிச்சம் இருந்தன.

பெரியவர் அதைத் தன் வீட்டம்மாவிடம் நீட்டினார். அந்த அம்மா வாங்கிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் கட்டினதுதான். கண்ணு படக்கூடாதுன்னு ஒரு கை கல்லுப்பு வச்சு முடிஞ்சேன்."

பெரியவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் கிளட்சை மிதிக்கக்கூடக் காலைக் கழுவினோம். அந்த வண்டியில் இருந்த ஒரே உப்பு அவர் வீட்டு உப்பு. முதலில் இவர்தான் சிரித்தார். பிறகு பெரியவர், பிறகு அந்த அம்மா. நான் சிரிக்கத்தான் தொடங்கினேன், நடுவில் அழுகையாகிவிட்டது. விட்டது சனி, விட்டது சனி என்று அந்த அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. அந்த அம்மாவும் கூடவே அழுதார்.

பெரியவர் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாராம், அட்டையில் குங்குமம் ஒட்டியிருந்தது. இவர் கொண்டுபோயிருந்த ஃபாரங்களில் எங்கெங்கே கையெழுத்து என்று கேட்டுக் கேட்டுப் போட்டார். வருஷா வருஷம் பொங்கலுக்கு வண்டி வர வேண்டும், இனிமேல் நக்கிப் பார்க்கமாட்டேன், சும்மா பார்த்தால் போதும் என்றார். வருவோம் என்று இவர் சொன்னார். போய்க்கொண்டும் இருந்தோம்.

அன்றைக்கு அந்த வீட்டில் மோர் கொடுத்தார்கள். எங்களுக்கு மட்டும் தனியாக உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். கடையில் வாங்கின பாக்கெட் உப்பு. அளத்துக்காரி சொல்லக் கூடாதுதான், ரொம்ப நன்றாக இருந்தது.